ஊதியம் வாங்காத பயிற்சியாளரும் கோடிகள் புரளும் ஆட்டமும்

கடந்த 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ஓர் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி, அமெரிக்கக் கல்லூரிகள் தம் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி செலவிடத்தக்க உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். முன்பு விளையாடி ஏதும் பெறாமல் போனவர்களுக்கு 280 கோடி டாலர் அளவில் நிலுவைத் தொகையும் உண்டு. இதில் பெரும்பங்கு கால்பந்து ஆட்டக்காரர்களுக்கே போகும்.

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த காலால் உதைக்கும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதித் தள்ளி, கஜம் கஜமாக நிலத்தைக் கைப்பற்றிச் செல்லும் அமெரிக்க ஆட்டம் அது. சனிக்கிழமைகளில் ஒரு லட்சம் பேர் அமரும் அரங்குகளைக் கல்லூரி மாணவர்கள் நிரப்பிக் காட்டுவது அந்த நாட்டுக்கே உரிய வியப்பு. அந்த மாணவர்கள் ஊதியம் பெறக் கூடாது என்பது நூறாண்டுக்கும் மேலாக அந்த ஆட்டத்தின் வேதமாக இருந்தது.

அந்த வேதத்தை உரக்க ஓதியவர்களில் முதன்மையானவர் வால்டர் கேம்ப். அமெரிக்கக் கால்பந்தின் தந்தை என்று அழைக்கப்படும் அவர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், இன்று நிகழ்வது திடீரென வந்த சீரழிவுமன்று, திடீரென மலர்ந்த நீதியுமன்று என்பது விளங்கும். இதன் விதைகள் அனைத்தும் அவர் தோட்டத்தில் இருந்தவையே.

கேம்ப் 1859 ஏப்ரல் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். யேல் பல்கலைக்கழகம் அமைந்த நியூ ஹேவன் நகரில் வளர்ந்த அவர், 1876இல் அங்கேயே மாணவராகச் சேர்ந்தார். அப்போது கல்லூரிக் கால்பந்து ஏழு வயதுக் குழந்தை. 1869 நவம்பரில் ரட்கர்ஸ் அணியும் பிரின்ஸ்டன் அணியும் ஆடியதே முதல் கல்லூரி ஆட்டமாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி இருந்த காலம் அது. கேம்ப் சேர்ந்த அதே 1876இல்தான் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கல்லூரிகளின் மாணவப் பிரதிநிதிகள் கூடி, இங்கிலாந்தின் ரக்பி விதிகளைத் தழுவிப் பொதுவிதி ஒன்றை வகுத்தனர்.

இருபது வயதை எட்டும் முன்பே கேம்ப் அந்த விதிக் கூட்டங்களில் யேலின் குரலாக அமரத் தொடங்கினார். அதன்பின் சாகும் வரை விதிக் குழுவை விட்டு விலகவில்லை. ஆட்டக்காரராகவும் அணித் தலைவராகவும் அவர் பெற்ற புகழைவிட, அந்த மேசையில் அவர் செய்த வேலையே நிலைத்தது.

ரக்பியில் பந்து யாருக்கும் உரியதன்று. இரு அணியினரும் திரளாகக் கூடி முட்டிமோதுவர். பந்து எந்தப் பக்கம் வெளியே வரும் என்பது தெரியாது. இந்தக் குழப்பம் கேம்புக்குப் பொறுக்கவில்லை. 1880இல் அவர் முன்வைத்த திருத்தத்தால், பந்து ஓர் அணியின் உடைமை என்றானது. அந்த அணியின் நடு ஆட்டக்காரர் பந்தைப் பின்னே தள்ள, குவார்ட்டர்பேக் எனப்படுபவர் அதைப் பெற்று ஆட்டத்தைத் தொடங்குவார். பதினைந்து பேராக இருந்த அணி பதினோரு பேராகச் சுருங்கியதும் அப்போதுதான்.

அந்தத் திருத்தம் புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. பந்து தன் உடைமை என்றால் அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? 1881இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதிய ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு பாதி நேரம் பந்தை அணைத்துக்கொண்டே நின்றது. யாருக்கும் புள்ளியில்லை, பார்வையாளர்கள் சலித்துப் போயினர். மறு ஆண்டே தீர்வு வந்தது. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேற வேண்டும், அல்லது பத்து கஜம் பின்வாங்க வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்கு. அந்த ஐந்து கஜத்தை அளக்க ஆடுகளத்தில் குறுக்குக் கோடுகள் வரையப்பட்டன. கோடுகள் நிறைந்த களம் இறைச்சி வாட்டும் கம்பித் தட்டை ஒத்திருந்ததால் அந்தப் பெயரே ஆட்டத்துக்கு மறுபெயராயிற்று. 1883இல் புள்ளிகளுக்கு எண் மதிப்பு வந்தது. இன்று உலகம் காணும் அமெரிக்கக் கால்பந்தின் எலும்புக்கூடு, கேம்புக்கு இருபத்தைந்து வயது நிறைவதற்குள் உருவாகிவிட்டது.

மருத்துவப் படிப்பில் சேர்ந்து அதைக் கைவிட்ட அவர், 1883இல் நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து அதன் தலைவரானார். நேரத்தையும் தூரத்தையும் அளந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று பிரித்து, திட்டமிட்டு இயக்குவதே அவர் தொழில். அமெரிக்கத் தொழிற்சாலைகள் இதே முறையைக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டத்தையும் அவர் அவ்வாறே கண்டார்.

1888இல் அலிஸ் கிரகாம் சம்னரை மணந்தார். அந்த ஆண்டே யேல் அணியின் பயிற்சியாளருமானார். பகலில் கடிகார நிறுவனத்தை விட்டு வர இயலாததால், அலிஸ் அன்றாடம் பயிற்சிக் களத்துக்குச் சென்று யார் எப்படி ஆடினர் என்பதைக் கவனித்து வந்து மாலையில் கணவரிடம் எடுத்துரைப்பார். இரவில் ஆட்டக்காரர்கள் அவர் வீட்டில் கூடித் திட்டம் வகுப்பர். அந்தப் பருவத்தில் யேல் 13 ஆட்டங்களிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 698, விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை. 1892 வரையிலான ஐந்து பருவங்களில் அவர் அணி 67 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. இதற்காக யேலிடமிருந்து அவர் ஊதியம் பெறவில்லை. பணத்துக்காக ஆடுபவன் கண்ணியவான் அல்லன் என்ற, இங்கிலாந்தின் மேட்டுக்குடிக் கல்விக்கூடங்களிலிருந்து வந்த கொள்கையை அவர் உளமார நம்பினார். தம் வாழ்விலும் கடைப்பிடித்தார்.

ஆனால், ஆட்டம் அந்தக் கொள்கையோடு நிற்கவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர் 1892இல் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் அலிகெனி விளையாட்டுக் கழகத்துக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடி 500 டாலர் பெற்றார். கால்பந்தாடக் கூலி பெற்றதாக ஆவணத்தில் பதிவான முதல் ஆட்டக்காரர் அவரே. கூலி மறுத்த குருவின் முதல் வரிசைச் சீடரே கூலிக்கு ஆடிய முதல்வரானார்.

கல்லூரிகளுக்குள்ளும் பணம் நுழைந்திருந்தது. ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். நுழைவுக் கட்டணம் குவிந்தது. யேலின் விளையாட்டு நிதிக்குப் பொருளாளர் கேம்ப். 1905இல் மெக்ளூர்ஸ் இதழில் ஹென்றி பீச் நீதம் எழுதிய கட்டுரைகள் கல்லூரி விளையாட்டின் உள்கட்டைத் திறந்து காட்டின. யேல் அணித் தலைவர் ஜேம்ஸ் ஹோகனுக்குக் கட்டணமில்லாப் படிப்பு, தங்குமிடம், உணவு, ஆட்ட அட்டை விற்பனையில் பங்கு, கியூபாவுக்கு இன்பச் சுற்றுலா, நியூ ஹேவனில் விற்கும் ஒரு வகை சிகரெட்டுக்குத் தரகு ஆகியவை கிடைத்ததாக வெளியான செய்தி நாட்டை அதிரவைத்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் கொண்ட இருப்பு நிதி ஒன்று கேம்பின் பொறுப்பில் இருந்ததும் அப்போதைய இதழ்களில் வெளிவந்தது. அவர் அதிலிருந்து தமக்கென எடுத்துக்கொண்டார் என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது. ஆட்டக்காரனுக்குப் பணம் தீட்டு என்றால், ஆட்டத்துக்கு எப்படி அது தீட்டாகாமல் போயிற்று?

ஹோகனின் சிகரெட் தரகை இன்றைய கண்ணால் பார்த்தால் அதில் குற்றமேதும் தெரியாது. 2021 ஜூலை முதல், கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம். அன்று அவமானம் எனப்பட்டது இன்று ஒப்பந்தம். வாழ்க்கை வசதியில் எளிய நிலையிலிருந்து வந்த ஹோகன் போன்றவர்களுக்கு ஊதியமின்றி ஆடும் கண்ணியம் எட்டாக்கனி. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இயல்பாக வாய்த்தது. கேம்பின் கொள்கையில் இருந்த இந்த வர்க்கச் சாய்வு அவர் கண்ணுக்குப் புலப்படவே இல்லை.

பணத்தைவிடக் கொடிய கணக்கு ஒன்றும் இருந்தது. அது உடல்களின் கணக்கு. ஐந்து கஜம் முன்னேறினால் போதும் என்ற விதி, ஆட்டத்தைத் திரள் மோதலாக்கியது. இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்த அனுமதித்த 1888 விதித் திருத்தம் அந்தப் போக்கை இறுக்கியது. 1892இல் ஹார்வர்டு அணி பறக்கும் ஆப்பு என்னும் வியூகத்தை இறக்கியது. ஆப்பு வடிவில் ஓடிவரும் பலர், ஒற்றை எதிரியின் மேல் ஒருசேரப் பாய்வர். 1894இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த யேல் – ஹார்வர்டு ஆட்டம் குருதிக்களமாகி, இரு பல்கலைக்கழகங்களும் ஈராண்டு தம்முள் ஆடாமலிருக்கும் நிலை வந்தது.

அதே ஆண்டில் கேம்ப் முன்னாள் ஆட்டக்காரர்களிடமும் பிறரிடமும் கருத்துக் கேட்டு ஒரு நூல் வெளியிட்டார். ஆட்டத்தால் தீங்கில்லை, நன்மையே என்பது அதன் சாரம். அவருடைய தாள்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்த வரலாற்றாய்வாளர்கள், பாதகமான பதில்களை அவர் விலக்கி வைத்ததாகச் சுட்டிக்காட்டியுள்ளனர். கோடுகளையும் கஜங்களையும் பிசகாமல் அளந்தவர், காயங்களை அளக்கும்போது தராசைச் சாய்த்துப் பிடித்தார். அவர் வாழ்க்கையில் மன்னிக்கக் கடினமான பக்கம் இதுவே.

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் நாடெங்கும் 18 பேர் களத்தில் உயிரிழந்ததாக அன்றைய நாளேடுகள் கணக்கிட்டன. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே, அக்டோபர் 9 அன்று, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். ஆட்டத்தின் மீது பற்றுள்ள ரூஸ்வெல்டின் மகனே அப்போது ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தான். யேலின் சார்பில் கேம்ப் சென்றார். விதிகளை நேர்மையுடன் கடைப்பிடிப்போம் என்று வாக்களித்துத் திரும்பினர். மரணங்கள் நிற்கவில்லை. அந்த நவம்பரில் யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் நியூயார்க் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில் இறந்தார். அப்பல்கலைக்கழகத் தலைவர் ஹென்றி மெக்கிராக்கன் அழைப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் டிசம்பரில் கூடின. அங்கே பிறந்த அமைப்பே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் பெற்றது.

கால் நூற்றாண்டாகத் தம் மேசையில் வகுக்கப்பட்ட விதிகள் முதன்முறையாகக் கேம்பின் கையை விட்டு நழுவின. பழைய குழுவும் புதிய குழுவும் 1906இல் ஒன்றாக அமர்ந்தபோது, செயலாளர் பொறுப்பு அவரிடமிருந்து ஹார்வர்டின் பில் ரீடுக்குச் சென்றது. முயற்சிகளுக்கான தூரத்தைப் பத்து கஜமாக்க வேண்டும் என்ற கேம்பின் யோசனை ஏற்கப்பட்டது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி அவர் விருப்பத்துக்கு மாறாக நுழைந்தது. அவர் விரும்பாத அந்த எறிதலே ஆட்டத்துக்குப் புத்துயிர் தந்தது. 1913இல் அதிகம் அறியப்படாத நோட்ர டாம் கல்லூரி, எறிதலின் துணையால் ராணுவக் கல்லூரி அணியை 35–13 என வீழ்த்தியது. கிழக்குக் கரையின் மூன்று பெரும் பல்கலைக்கழகங்களின் ஆதிக்கம் சரியத் தொடங்கிய காலம் அது.

கேம்பின் செல்வாக்கு வேறு வழியில் வளர்ந்தது. ஆண்டுதோறும் நாட்டின் தலைசிறந்த பதினோரு கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து அனைத்து அமெரிக்க அணி என அறிவிக்கும் வழக்கம் 1889இல் தொடங்கியது. அதை நாடே காத்திருக்கும் நிகழ்வாக்கியவர் அவர். கோலியர்ஸ் இதழில் வெளியாகும் அவருடைய பட்டியலில் இடம் பெறுவது வாழ்நாள் பெருமை. பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப் 1911, 1912 ஆண்டுகளில் அதில் இடம்பெற்றார். பிற்காலத்தில் பாடகராகவும் உரிமைப் போராளியாகவும் உலகறிந்த பால் ராப்சன், ரட்கர்ஸ் கல்லூரி மாணவராக 1918இல் இடம்பெற்றார். கறுப்பினத்தவருக்குப் பல கதவுகள் அடைபட்டிருந்த நாட்டில் அது சிறிய செய்தியன்று. இன்னொரு புறம், எந்த ஒழுக்க நெறியைக் கேம்ப் போற்றினாரோ அதே நெறியின் பெயரால்தான் தோர்ப்பின் ஒலிம்பிக் பதக்கங்கள் 1913இல் பறிக்கப்பட்டன. முன்பு சிறுதொகைக்கு பேஸ்பால் ஆடியதே அவர் செய்த குற்றம்.

முதல் உலகப் போரின்போது கடற்படை வீரர்களுக்காகக் கேம்ப் வகுத்த பன்னிரண்டு எளிய உடற்பயிற்சிகள், பின்னர் இசைத்தட்டு வழியாக வீடுதோறும் பரவின. முப்பதை நெருங்கும் நூல்களும் எண்ணற்ற இதழ்க் கட்டுரைகளும் எழுதினார். 1925 மார்ச் மாதம் விதிக் குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் சென்றார். 14ஆம் தேதி காலை அவர் கூட்டத்துக்கு வராததைக் கண்டு தேடிச் சென்றவர்கள், விடுதி அறையில் அவர் உறக்கத்திலேயே இறந்திருக்கக் கண்டனர். வயது 65. நூற்றுக்கணக்கான கல்லூரிகளும் பள்ளிகளும் அளித்த நன்கொடையால் யேல் அரங்கத்தின் முன் 1928இல் அவர் பெயரால் தூண்கள் தாங்கிய பெருவாயில் எழுந்தது.

அவர் மறைந்த எட்டே மாதங்களில், அவருடைய கடைசிப் பட்டியலில் இடம்பெற்ற இல்லினாய் மாணவர் ரெட் கிரேஞ்ச், கல்லூரியின் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு சிகாகோ பேர்ஸ் என்னும் தொழில்முறை அணியில் சேர்ந்து பெரும்பொருள் ஈட்டினார். 1929இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை, மறைமுக உதவிகள் கல்லூரிகளில் பரவலாக வேரூன்றியிருப்பதை வெளிப்படுத்தியது. 1950களில் தேசியச் சங்கம் மாணவ விளையாட்டாளர் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. களத்தில் காயமுற்றோரும் இறந்தோரின் குடும்பத்தினரும் தொழிலாளர் இழப்பீடு கோருவதைத் தடுக்கவே அச்சொல் வார்க்கப்பட்டது என்பதை அச்சங்கத்தை நெடுங்காலம் நடத்திய வால்டர் பையர்ஸே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1984இல் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி ஒளிபரப்பின் மீதான சங்கத்தின் பிடியைத் தளர்த்தியது. கல்லூரிகள் தாமே ஒளிபரப்பு உரிமையை விற்றுப் பணம் குவித்தன. பயிற்சியாளர்கள் கோடிகளில் ஊதியம் பெற்றனர். ஆடியவர்களுக்கு மட்டும் பழைய வேதம் ஓதப்பட்டது. 2021இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அளித்த தீர்ப்பு அந்த மதிலில் பெரும் விரிசலை ஏற்படுத்தியது.

இன்று மாணவர்கள் ஆண்டுக்கோர் அணி மாறுகின்றனர். நூறாண்டு கண்ட பசிபிக் கரைக் கூட்டமைப்பிலிருந்து 2024இல் பத்துக் கல்லூரிகள் ஒளிபரப்புப் பணத்தை நாடி வெளியேறின. கேம்ப் ஒரு காலத்தில் பயிற்சியளித்த, பசிபிக் கரையில் உள்ள ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லான்டிக் கரையோரக் கூட்டமைப்பில் ஆடுகிறது. மாணவர்கள் ஓர் ஆட்டத்துக்காகக் கண்டத்தின் குறுக்கே பறக்கின்றனர். வகுப்பறை எங்கே என்று கேட்பவர் குறைந்துவிட்டனர். அவர் வளர்த்த யேலோ ஐவி கூட்டமைப்பில் விளையாட்டு உதவித்தொகையே வழங்காமல், புதிய உடன்பாட்டிலும் சேராமல் ஒதுங்கி நிற்கிறது. ஆட்டத்தை உருவாக்கிய கல்லூரி, ஆட்டத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது.

இதைக் கண்டு பழைய தூய்மை போயிற்றே எனப் புலம்புவோர் கேம்பின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். அந்தத் தூய்மை அவர் காலத்திலேயே முழுமையாக இருந்ததில்லை. இருப்பு நிதியும் இருந்தது, சிகரெட் தரகும் இருந்தது. மறைந்திருந்தவை வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன என்பதே வேறுபாடு. எல்லாம் நேராகிவிட்டது எனக் கொண்டாடுவோருக்கும் அவர் வாழ்க்கையில் எச்சரிக்கை உண்டு. பெரும்பொருள் சிலருக்கே கிட்டும். மோதலில் சிதையும் மூட்டும் மூளையும் அனைவருக்கும் பொது. கூலி தந்துவிட்டோம் என்பதால் காயத்தை எண்ணாமல் விட்டுவிட முடியாது.

கேம்ப் தீயவர் அல்லர். உழைப்பாளி, ஒழுங்கு மிக்கவர், தமக்கென எதையும் வேண்டாதவர். ஆனால், தாம் வேண்டாததைப் பிறரும் வேண்டலாகாது என்று விதித்தபோது, தம் வசதி பிறருக்கு இல்லை என்பதை மறந்தார். தாம் நேசித்த ஆட்டத்துக்குக் கெட்ட பெயர் வரலாகாதென்று எண்ணியபோது, அடிபட்டவர்களின் பதிலை ஒதுக்கினார். அந்த இரு பிழைகளில் முதலாவதைத் திருத்த அமெரிக்காவுக்கு நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. இரண்டாவது இன்னும் காத்திருக்கிறது.